ஐயாயிரம் பெயர்களில் ஒன்று

(யூபிலி விழா இளைஞர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழா மலர் ஒன்று கையில் கிடைத்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? நன்கொடையாளர் பட்டியலைப் புரட்டி, நம் பெயர் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இதில் குற்றமில்லை, உழைத்தவர் தம் பெயரைத் தேடுவது மனித இயல்பு. இன்று நாம் சொல்ல வருவதும் ஒரு பெயர்ப் பட்டியலைப் பற்றித்தான்.

2015-ஆம் ஆண்டு மே மாதம் பௌதிக விஞ்ஞான இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. மொத்தம் 33 பக்கங்கள். அவற்றில் 24 பக்கங்கள், எழுதியவர்களின் பெயர்களும் அவர்களுடைய நிறுவனங்களுமே! 5,154 பேர். ஹிக்ஸ் என்னும் துகளின் நிறையை அளந்து சொன்ன கட்டுரை அது. அந்தப் பெயர்களில் பல, இளம் ஆண்களும் பெண்களுமான ஆராய்ச்சியாளருடையவை. அவர்களுடைய வாழ்வைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே, பிரெஞ்சு எல்லையை ஒட்டி, 'செர்ன்' ஆய்வுக்கூடம் இருக்கிறது. போரினால் சிதைந்த ஐரோப்பாவின் 12 நாடுகள் சேர்ந்து 1954-இல் அமைத்தது அது. எதிரெதிர் நின்று போரிட்ட நாடுகளின் பிள்ளைகள் அங்கே ஒரே மேசையில் அமர்ந்து ஆராய்ந்தார்கள். பூமிக்கடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம். அதில் புரோட்டான்கள் வினாடிக்கு 11,000 தடவைக்கு மேல் சுற்றி வந்து மோதும். அவற்றை வளைக்கும் காந்தங்களைத் திரவ ஹீலியத்தால் பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரி குளிரில் வைக்க வேண்டும்.

இதைக் கேட்டதும், இளம் விஞ்ஞானிகள் சுரங்கத்தில் நின்று அதிசயங்களைக் காண்கிறார்கள் என்று நினைப்போம். இல்லை. இயந்திரம் ஓடும்போது சுரங்கத்துக்குள் எவரும் போக முடியாது. அவர்களுடைய பொழுதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னேதான் கழிகிறது. கணக்கு எழுதுவார்கள், பிழை தேடுவார்கள், கூட்டத்தில் மற்றவர் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். முறை வந்தால் இரவெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் கண் விழிப்பார்கள். டாக்டர் பட்டம் பெற்ற பின்னும் பலருக்கு இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம்தான். அதன்பின் எந்த நாடோ, எந்த ஊரோ!

காத்திருத்தலும் உண்டு. 2008 செப்டம்பர் 10-இல் அந்த இயந்திரம் முதன்முதல் ஓடியது. ஒன்பதே நாளில், இரு காந்தங்களுக்கிடையே இருந்த மின் இணைப்பு ஒன்று பழுதாகி, டன் கணக்கில் ஹீலியம் பீறிட்டு வெளியேறியது. 50-க்கு மேற்பட்ட காந்தங்களை வெளியே எடுத்துப் பழுது பார்க்கவோ மாற்றவோ வேண்டியதாயிற்று. மறுபடி ஓட 2009 நவம்பர் ஆகிவிட்டது. அந்த மோதல்களை நம்பி ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த மாணவர் நிலையை எண்ணுங்கள்!

இதைவிடக் கடினமான சோதனையும் வந்தது. 2015 டிசம்பரில் இரண்டு ஆய்வுக் குழுக்களின் கணக்கிலும் புதுத் துகள் ஒன்றின் சாயல் தென்பட்டது. அதைப் பற்றி உலகெங்கும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில், மேலும் விவரங்கள் சேர்ந்ததும், சாயல் மறைந்துவிட்டது. வெறும் தற்செயல்! அதைச் சபையறியச் சொன்னவர்களும் அதே குழுக்கள்தாம்.

ஆசை கண்ணை மறைக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். ஆகவே 2012-இல் ஹிக்ஸ் துகளைத் தேடியபோது, விடை தோன்றக்கூடிய பகுதியை வேண்டுமென்றே மூடி வைத்துவிட்டு, தங்கள் முறை சரிதானா என்று முதலில் சோதித்தார்கள். பிறகே திறந்து பார்த்தார்கள். ஜூலை 4-இல் முடிவு அறிவிக்கப்பட்டது. அரங்கில் இடம் பிடிக்க இளைஞர்கள் முதல் நாள் இரவே வாசலில் காத்துக் கிடந்தார்கள். 1964-இலேயே அத்துகளைப் பற்றி எழுதிய பீட்டர் ஹிக்ஸ், அரங்கில் அமர்ந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். 2013-இல் நோபல் பரிசு அவருக்கும் ஃபிரான்சுவா ஆங்லேருக்கும் கிடைத்தது. துகளைத் தேடிய ஆயிரக்கணக்கானோருக்குப் பட்டியலில் ஒரு வரி.

பெற்றோரே, உங்கள் மகனோ மகளோ வெளியே காட்ட முடியாத வேலையில் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டிருந்தால், "என்ன சாதித்தாய்?" என்று அவசரப்பட்டுக் கேட்காதீர்கள். இளைஞரே, விடை "இல்லை" என்று வந்தாலும் மறைக்காமல் சொல்லும் நெஞ்சுரத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். அந்த 24 பக்கங்களிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டால் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் செய்த கணக்கை எடுத்துவிட்டால் விடை எப்படி வரும்? சிந்திப்போம்.