விமான டிக்கெட் மார்க் கேட்காது!



எதிரணி அம்மா சொன்னாங்க: "இங்கே மார்க் பத்தலைன்னா என்ன, வெளிநாட்டுல டாக்டராக்கிடலாம்"னு. போறது சுலபங்க, விமான டிக்கெட் மார்க் கேட்காது! (சிரிப்பு) திரும்பி வந்து ஊசி போடணும்னா சட்டம் கேட்குதே!

2018 முதல் வெளிநாட்டில் படிக்கவும் நீட் தேறியிருக்கணும். 2021 விதிப்படி 54 மாதப் படிப்பு, ஆங்கிலத்திலேயே பாடம், அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, எல்லாம் பத்து வருஷத்துக்குள்ள. பிறகு இங்கே தகுதித் தேர்வு: 300 கேள்வியில் 150 சரியா இருக்கணும். அதுக்கப்புறம் இங்கேயும் 12 மாதப் பயிற்சி. ஒண்ணு குறைஞ்சாலும் கழுத்துல தொங்குற ஸ்டெதஸ்கோப் வெறும் மாலைதாங்க! (கைதட்டல்)

"ஆறே வருஷத்துல டாக்டர்"ங்கிறார் ஏஜெண்ட். வீட்டுப் பத்திரத்தை அவரா அடகு வைக்கிறார்? 2022-ல் உக்ரைன் போரின்போது பாதிப் படிப்போடு திரும்பிய பிள்ளைகளைப் பார்த்தோமே!

போகவே வேண்டாம்னு சொல்லலை. மார்க் குறைஞ்ச பிள்ளை மக்கு இல்லை. ஆனா ஏன் குறைஞ்சதுன்னு கேளுங்க. உடம்பு சரியில்லாமலா, உழைக்காமலா, விருப்பமே இல்லாமலா? முதல் ரெண்டுக்கும் மருந்து உண்டு. மூணாவதுக்கு எந்த நாட்டிலும் மருந்தில்லை!

ஆகவே, பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுக்குமுன், பிள்ளையின் மனசைத் திறந்து படியுங்கள் என்று கூறி அமர்கிறேன்.