மேலே காடு, கீழே கரி
(தோணிரேவில் ஆற்றிய உரை)



தோணிரேவின் மண்ணடியில் வெட்டுவதற்குக் கரிச்சுரங்கம் இல்லை. பின், கரியைப் பற்றி இங்குப் பேசுவானேன் என்று கேட்கலாம். கரியின் தலை ஒடிசாக் காட்டில் இருக்கிறது; வாலோ பழவேற்காட்டு ஏரியின் தெற்கே கிடக்கிறது. தால்ச்சேர் வயல்களில் வெட்டிய கரி, பாரதீப்புத் துறையில் கப்பலேறி, 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கி, வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களில் எரிந்து சாம்பலாகிறது. அச்சாம்பல் கொற்றலையாற்றிலும் எண்ணூர்க் கழியிலும் படிந்து மீன்வளத்தைத் தின்றது. அதைத் தூய்மை செய்யுமாறு பசுமைத் தீர்ப்பாயம் 2022 சூலையில் மின்வாரியத்திற்கு ஆணையிட்டது. ஆகவே, கரி வெட்டும் காட்டின் கேடும், கரி எரிக்கும் கழியின் கேடும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

திறந்த குழியாக வெட்டினால் காடு அடியோடு அழியும். நிலத்தடிச் சுரங்கத்திற்குக் குத்தகை தந்தாலோ மேலே மரம் நிற்கும், கீழே கரி கிடைக்கும், இரண்டும் பிழைக்கும் என்று ஆள்வோர் கூறுவர். இக்கூற்றில் பாதியே உண்மை. சுரங்கத்தில் இடையிடையே கரித்தூண்களை விட்டுக் குடைவர். அத்தூண்கள் நிற்கும்வரை மேல்நிலமும் நிற்கும். ஊதியம் கருதி இறுதியில் தூண்களையும் பெயர்ப்பர், கூரை சரியும், மேல்நிலம் உள்வாங்கி வெடிக்கும், ஊற்றுநீர் விரிசல் வழியே கீழிறங்கக் கிணறும் ஓடையும் வறளும். கோடரி படாமலே காடு பட்டுப்போகும். சார்க்கண்டின் சாரியாவில் 1916-இல் கண்டறியப்பட்ட நிலத்தடித் தீ நூறாண்டு கடந்தும் அணைந்தபாடில்லை.

எனவே, தூண்களைப் பெயர்க்காது விடுக, அல்லது பெயர்த்த வெற்றிடத்தை மணலாலோ சாம்பலாலோ உடனுக்குடன் நிரப்புக என்னும் கட்டளை இல்லாத குத்தகை, காட்டுக்குக் காப்பாகாது. கழியில் கொட்டும் சாம்பலைக் கரி எடுத்த குழிக்கே திருப்பலாமே! செலவு மிகும் என்பர். அச்செலவைத் தவிர்ப்பதால் வரும் ஊதியம் எவருக்கு? தவிர்த்த செலவைத் தம் கிணற்றிலும் வலையிலும் சுமப்பவர் எவர்?

இக்கட்டளையை இடும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பதே அடிப்படை வினா. 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் கரிக்குத்தகையின் பிடியைத் தில்லிக்குத் தந்தது. மாநிலப் பட்டியலில் இருந்த காடு, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் பறிபோயிற்று. 1973-இல் நாட்டுடைமையான கரியோ, 2020 முதல் தனியார் வணிகத்திற்கு விலைகூறி விடப்படுகிறது. 1980-ஆம் ஆண்டுக் காட்டுக் காப்புச் சட்டம், மாநிலங்கள் காட்டைக் கண்டபடி அழிப்பதைத் தடுத்தது மெய்யே. ஆயின், தடுக்கும் கையும் குத்தகை தரும் கையும் ஒன்றானால் காப்பு எங்கே?

இதற்கு மாற்று உண்டு. 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டத்தை ஊன்றி, 2013-இல் உச்சநயன்மன்றம் ஒடிசாவின் நியமகிரி மலைமக்களின் கருத்தைக் கேட்கச் செய்தது. தமிழின் இனமொழியாகிய கூவி பேசும் அம்மக்களின் 12 ஊரவைகளும், தங்கள் மலையில் அலுமினியக் கனிமம் வெட்ட இசைவில்லை என்று ஒருவாய்ப்படக் கூறின. மலை பிழைத்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2023 மார்ச்சில் நடுவண் அரசின் கரிப்பட்டியலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பின் கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் இடம்பெற்றன. உழவர் கொதித்தெழுந்தனர். 2020-ஆம் ஆண்டின் வேளாண் வட்டாரக் காப்புச் சட்டத்தை மாநில அரசு எடுத்துக்காட்டியது. ஏப்பிரலிலேயே மூன்றும் நீக்கப்பட்டன. தனக்கெனச் சட்டமும், அதன் பின்னே விழித்த மக்களும் இருந்தால் தில்லியும் பின்வாங்கும்.

பொதுவளத்தைப் பயன்கொண்டே காப்பது எப்படி என்பதை இவ்வேரிக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பழவேற்காட்டின் 'பாடு' முறை என்ன செய்கிறது? இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை கட்டுவர் என்று சீட்டிட்டுப் பகிர்கிறது. எவரும் அனைத்தையும் வாரிக்கொள்ள இயலாது. அப்பாட்டுரிமை சில ஊர்களின் சில குடிகளுக்கே நின்று, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும் பிறர்க்கும் எட்டாமற் போனது பெருங்குறை. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் இழிவு நீங்கினாலன்றி அம்முறை முழுமையுறாது. ஆயினும், அளவும் முறையும் என்னும் அதன் உயிர்க்கொள்கை தில்லியின் குத்தகைத் தாளில் இல்லை.

1980-இல் பறவைக் காப்பிடமாக்கப்பட்ட இவ்வேரியின் தெற்கே, ஏறத்தாழ 330 ஏக்கரில் அமைந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்க அதானி நிறுவனம் திட்டமிட்டது. அதற்கான மக்கள் கருத்துக் கேட்பு 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தள்ளிவைக்கப்பட்டது. ஒடிசாக் காட்டில் ஊரார் கேட்ட அதே வினாவைத்தான் பழவேற்காட்டு மீனவரும் கேட்டனர்: எங்கள் பொதுவளத்தை விலைபேச நீவிர் யார்?

ஆதலின் வேண்டுவன மூன்று. காட்டின்மீதும் கனிமத்தின்மீதும் ஆட்சியுரிமை மாநிலத்திற்கு மீளவேண்டும். ஊரவையின் இசைவின்றி எக்குத்தகையும் செல்லாதென மாநிலமும் தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ளவேண்டும். சென்னைக் கோட்டையும் தில்லியைப் போல் நடந்தால் உரிமை மீண்டும் பயனில்லை. கனிம உரிமைக்கு வரிவிதிக்க மாநிலங்களுக்கு உரிமையுண்டு என்று உச்சநயன்மன்றம் 2024 சூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. அவ்வரி, கெட்ட ஆற்றையும் காட்டையும் மீட்கவே செலவாக வேண்டும்.

கரி ஒருமுறை எரிந்தால் தீர்ந்தது. காடும் கழியும் காத்தால் ஆண்டுதோறும் தரும். ஒருநாள் வரவுக்காக என்றுமுள்ள முதலை விற்பவன் வணிகனும் ஆகான்; அரசனும் ஆகான்.

விழித்தெழுக தமிழகம்!