பெரட்டு என்ற ஒரு சொல்



பாரிசவாதத்தால் பேச்சிழந்த தோட்டத்து அம்மா ஒருவரிடம் வார்டில் படங்களைக் காட்டினோம். எதற்கும் பெயர் வரவில்லை. "காலையில எங்கம்மா போவீங்க?" என்று கேட்டதும், "பெரட்டு" என்றார். அது பிதற்றலல்ல, சரியான விடை. தோட்டத்தில் வளர்ந்ததால் எங்களுக்குப் புரிந்தது.

1861இல் பிரெஞ்சு வைத்தியர் புரோக்கா, பேச்சிழப்புக்கு மூளையின் முன்பகுதிச் சேதம் காரணமாகலாம் என்று காட்டினார். மூளையையும் மொழியையும் சேர்த்துக் கற்கும் அந்தத் துறை இன்று நம் நாட்டிலும் உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானப் பட்டப்படிப்பு நடக்கிறது. அங்கே பயின்றவர்கள் வைத்தியசாலைகளில் பலருக்குப் பேச்சை மீட்டுத் தருகிறார்கள்.

லயத்துத் தமிழ் தெரிந்தவர்களும் அங்கே போகவேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் தங்கைமாருக்கு இதைச் சொல்வோம். வைத்தியராவது மட்டுமே வழியல்ல.