மழைநீர் செல்லும் வழியும் இல்லறத்தார் கடமையும்



விழாக் காலத்தில் சாக்கடையைப் பற்றிப் பேசுவது தகுமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் விழா நடைபெறும் தெருவின் ஓரத்திலேயே மழைநீர் வடிகால் செல்கிறது. அன்னதானப் பாத்திரங்களைக் கழுவிய நீர் பல இடங்களில் அதில்தான் ஊற்றப்படுகிறது. ஆகவே இதைப் பற்றிச் சிந்திப்பதற்கு விழா நாளே உகந்த நாள்.

சென்னை நகரின் தெருக்களுக்கு அடியில் இருவேறு வழிகள் உள்ளன. ஒன்று, கழிவுநீர்க் குழாய். குளியலறை, சமையலறை, கழிப்பறை ஆகியவற்றின் நீரை ஏற்று, நீரேற்று நிலையங்களின் வழியே சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டு செல்வது அது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த குடிநீர் வாரியம் அதனைப் பராமரிக்கிறது. மற்றொன்று, மாநகராட்சியின் பொறுப்பிலுள்ள மழைநீர் வடிகால். தெருவில் விழும் மழையைக் கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு ஆகிய ஆறுகளிலும் பக்கிங்காம் கால்வாயிலும் சேர்ப்பதே அதன் பணி. வடிகாலுக்கும் ஆற்றுக்கும் இடையே பெரும்பாலான இடங்களில் சுத்திகரிப்பு என்பதே இல்லை. வடிகாலின் வாயில் ஊற்றப்படுவது எதுவோ அதுவே ஆற்றையும், பின்னர் கடலையும் சென்றடைகிறது.

இந்த வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. "எல்லாம் சாக்கடைதானே" என்று கருதி, வண்டி கழுவிய சவர்க்கார நீரையும், சுவருக்கு வண்ணம் பூசிய தூரிகை கழுவிய நீரையும், பழைய இயந்திர எண்ணெயையும் அதில் விடுகின்றனர். சில கட்டடங்களில் கழிவுநீர்க் குழாயையே வடிகாலில் இணைத்துவிடுகின்றனர். மழையே இல்லாத கோடையிலும் வடிகாலில் கருநீர் ஓடுமானால், எங்கோ அத்தகைய இணைப்பு இருக்கிறது என்று ஐயுறலாம்.

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பொழிவது. அதற்கு முந்தைய மாதங்களில் தெருவில் படிந்த தூசி, வண்டிகள் சிந்திய எண்ணெய், விலங்குகளின் கழிவு, நெகிழிக் குப்பை ஆகிய அனைத்தையும் முதல் கனமழை ஒருசேர வாரிச் செல்கிறது. நகரமோ சமதளம், நீர் விரைந்து ஓடுவதற்குப் போதிய சரிவு இல்லை. மணலும் வண்டலும் வடிகாலுக்குள் படிகின்றன. அவற்றோடு சமையல் கொழுப்பும் சேர்ந்தால், சூடு ஆறியதும் அது உறைந்து சுவரில் ஒட்டிக் கெட்டிப்படுகிறது. பிறகு பெருமழை வரும்போது நீர் செல்ல வழியின்றித் தெருவுக்கே திரும்புகிறது. தரைத்தளத்தில் வாழும் முதியவரின் அறையிலும், ஆற்றங்கரைக் குடிசையிலும் அந்த அழுக்குநீர் முதலில் நுழைகிறது. அடைப்பை நீக்குவதற்கு மற்றொரு மனிதர் அந்த அழுக்கில் கை வைக்க நேர்கிறது. சாக்கடைக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. ஆயினும் அடைப்புகள் குறையாதவரை அந்த இடரும் முற்றிலும் நீங்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அது பிசினாக அப்பியது. கூழைக்கடாக்களின் இறகுகளிலும் படிந்தது. அந்த எண்ணெய் தொழிற்பகுதியிலிருந்து வந்தது, வீடுகளிலிருந்து வந்ததன்று. எனினும் மழைநீர் எதைச் சுமந்து எங்கே சேர்க்கும் என்பதை அந்நிகழ்ச்சி ஐயமறக் காட்டிற்று. ஒரு வீட்டின் எண்ணெய் சிறிதளவே. ஆனால் பல்லாயிரம் வீடுகளின் எண்ணெயும் அதே வழியில்தான் செல்கிறது.

ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. வீட்டின் கழிவுநீர் எந்தக் குழாயில் சேர்கிறது என்பதைக் குழாய்ப் பணியாளரைக் கொண்டு ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைக் கழுவுமுன் பழந்தாளால் துடைத்துவிடலாம். வண்டியை ஈரத்துணியால் துடைக்கலாம். மாற்றிய இயந்திர எண்ணெயைப் பழுதுபார்க்கும் நிலையத்திலேயே ஒப்படைக்கலாம். வீடு கட்டுவோர் மணலைத் தெருவோரம் குவிக்காது மூடி வைக்கலாம். மழைநீர் சேகரிப்பு அமைப்பு தமிழகத்தில் 2003 முதல் கட்டாயம். அதன் தொட்டியையும் குழாயையும் ஆண்டுதோறும் அக்டோபருக்கு முன் தூய்மை செய்தல் வேண்டும். வளாகத்துக்குள்ளேயே நிலத்தில் இறங்கும் மழை, தெருவின் அழுக்கைச் சுமப்பதில்லை, வடிகாலுக்கும் பாரமாவதில்லை, கிணற்றையும் நிரப்புகிறது.

விழாக் குழுவினர்க்கும் ஒரு கடமை உண்டு. அன்னதானக் கூடத்தில் எச்சில் இலைகளைத் தனியே சேர்த்து உரமாக்கலாம். பாத்திரம் கழுவும் இடத்தைக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த பகுதியில் அமைத்து, நீர் வெளியேறும் வாயில் ஒரு வலைத்தட்டு வைத்தால், பருக்கையும் இலைத்துணுக்கும் அதிலேயே தங்கிவிடும். இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

பருகும் நீரை வடிகட்டுவதும், துணியில் தங்கிய சிற்றுயிர்களை அவை வந்த நீர்நிலையிலேயே சேர்ப்பதும் முன்னோர் காத்த ஒழுக்கம். குடத்து நீரில் காட்டிய அந்தக் கவனம் தெருவோர வடிகாலின் வாய்வரை நீளுமானால், ஆற்றில் வாழும் உயிர்களும் ஆற்றங்கரையில் வாழும் மக்களும் பயன்பெறுவர். இந்த ஆண்டின் முதல் மழைக்கு முன்பே அது தொடங்கட்டும்.