வெளிறிய லென்ஸே நல்லது

துப்பாக்கி சுடுபவர் அணியும் நிற லென்ஸுக்கு ஒரே வேலைதான்: பின்புலத்திலிருந்து இலக்கைப் பிரித்துக் காட்டுவது. கடைத்தெருவில் கூலிங் கிளாஸ் என்று விற்கும் கறுப்புக் கண்ணாடி இலக்கையும் வானத்தையும் ஒன்றாகவே இருட்டடிக்கிறது. வழக்கமான கூலிங் கிளாஸ் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டுமே உள்ளே விடும். ஆடி போல மின்னும் பூச்சோடு அதை மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு வருவது இப்போது ஒரு மோகம். அந்த மோகத்தால் புள்ளிகள்தான் போகின்றன.

விதி எளிது. கண் கூசாத அளவுக்குள் எது மிக வெளிறியதோ, அதுதான் சரியான லென்ஸ். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரியும்; விரிந்தால் பார்வையின் கூர்மை குறையும், தொலைவைக் கணிப்பதும் தடுமாறும். வெளிச்சம் போதுமான அளவு உள்ளே வந்தால் கண்மணி சிறுத்து, படம் தெளிவாக விழும். நல்ல வெயிலிலும் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கவேண்டிய நாள் மிகக் குறைவு.

லென்ஸின் நிறம் மிகவும் முக்கியமாவது ட்ராப் போட்டியில். சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து 11 சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒன்று சீறிக் கிளம்பும். விட்டுவிட்டால் 76 மீட்டர் தள்ளிப் போய் விழும். களிமண் தட்டு என்று பெயர் இருந்தாலும் அது சுண்ணாம்புத் தூளும் கீலும் சேர்ந்த வார்ப்பு. எந்தப் பக்கம் பறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. கண்டு, துப்பாக்கியைத் திருப்பி, சுடுவதற்குள் ஒரு நொடிகூட இருக்காது. அந்தத் தட்டைக் கண் கால் நொடி முன்னதாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த ஆட்டத்தில் தமிழ்நாட்டின் பெருமை புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபர் 1 அன்று, கைனன் செனாய், ஜொராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து அணித் தங்கம் வென்றார். மூவருக்கும் மொத்தம் 375 தட்டுகள், உடைந்தவை 361. மூன்று பேர் சேர்ந்து தவறவிட்டது பதினான்கே தட்டுகள்! ஒருவர் 125 தட்டுகளை ஐந்து சுற்றுகளாகச் சுடுகிறார். காலைச் சுற்றின் வெளிச்சம் வேறு, பிற்பகல் சுற்றின் வெளிச்சம் வேறு. ஆகவே ட்ராப் வீரரின் பெட்டியில் ஒரே சட்டத்துக்குப் பொருந்தும் பல லென்ஸ்கள் இருக்கவேண்டும்.

எந்த நிறம் எதற்கு? ஆரஞ்சுத் தட்டு பச்சை மரங்களுக்கு முன்னால் பறந்தால் இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்பு லென்ஸ். அது பச்சையை மங்கச்செய்து ஆரஞ்சைத் தூக்கிக் காட்டும். மேகமூட்டத்துக்கு மஞ்சள்: சிதறும் நீல ஒளியைத் தடுப்பதால் விளிம்புகள் கூர்மையாகும். வெண்ணிற வெயிலுக்கு இளம்பழுப்பு.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளலாம். மார்கழியில், மழைக்குப் பின், சுற்றுப்புறம் பச்சையாக இருக்கும்போது சிவப்பு லென்ஸ் அருமையாக உதவும். அதே லென்ஸ் சித்திரையில், வறண்ட செம்மண் பின்னணியில், பயன் தராது. தட்டும் மண்ணும் ஒரே நிறக் குடும்பம், இரண்டும் சேர்ந்தே பளிச்சிடும். மாலையில் இன்னொரு சிக்கல். 800 மீட்டருக்குச் சற்று உயர்ந்த மலை ஊருக்கு மேற்கே நிற்கிறது. சூரியன் அதன் பின்னால் முன்னதாகவே மறைந்துவிட, தரை நிழலாகிறது. வானம் மட்டும் வெளிச்சமாகவே இருக்கிறது. அப்போது பழுப்பைக் கழற்றிவிட்டு மஞ்சளோ நிறமற்றதோ மாட்டவேண்டும். பின்புலம் மாறினால் லென்ஸும் மாறவேண்டும்.

வெயிலில் தானே கறுக்கும் லென்ஸை நம்பவேண்டாம். அது மாற நேரம் எடுக்கும். கடும் வெப்பத்தில் முழுதாகக் கறுக்கவும் செய்யாது. தண்ணீர்ப் பளபளப்பை வெட்டும் போலராய்டு லென்ஸ் மீன்பிடிக்க நல்லது, தட்டு சுட அல்ல. மின்னணுத் திரையின் எண்களையும் அது சில கோணங்களில் மறைத்துவிடும்.

லென்ஸைக் கடைக்குள் சோதிக்கக்கூடாது. சுடும் திடலில், சுடும் நேரத்தில், சுடும் பின்புலத்தை நோக்கிச் சோதிக்கவேண்டும். முதலில் நிறமற்றது. கண் இடுங்குகிறதா? அடுத்த வெளிறியது. ஒவ்வொன்றிலும் சில நிமிடம் கண் பழகட்டும். இடுங்குவது எங்கே நிற்கிறதோ, அங்கே தேர்வும் நிற்கவேண்டும். சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத கண்ணுக்கு மற்றவர் சொல்லும் நிறம் பொருந்தாது; தட்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ரைஃபிள், பிஸ்டல் சுடுபவருக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. 10 மீட்டர் அரங்கில் இலக்கின்மேல் சீரான விளக்கொளி விழுவதால் நிறமே தேவையில்லை. திறந்தவெளி ரைஃபிளில் பின்குறியின் சிறுதுளையிலேயே நிறவடிகட்டியைப் பொருத்திக்கொள்ளலாம்.

எந்த நிறமானாலும் லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். உடைந்த தட்டின் சில்லு எந்தப் பக்கமும் தெறிக்கும். சுடாமல் திடலில் நிற்பவரும் கண்ணாடி அணிந்தே நிற்கவேண்டும்.