ஒரு மனையில் இரு இல்லங்கள்

(திம்புள்ளயில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இளைஞர் சார்பில் பேசும் பொறுப்பு எமக்கு அளிக்கப்பட்டபோது, மொழி, கல்வி, ஒழுக்கம் என்னும் பெரும் பொருள்களுள் ஒன்றையே சபையோர் எதிர்பார்த்திருப்பீர்கள். நாமோ வீடு கட்டுவதைப் பற்றி, அதிலும் கட்டிய வீட்டின் அருகே இன்னுமொரு சிறு வீடு கட்டுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது மேசனுக்கும் தச்சனுக்கும் உரிய விஷயமென்று எவரும் எண்ணிவிடலாகாது. நமது தோட்டங்களில் கல்வியும் ஒழுக்கமும் குடும்ப அமைதியும் எத்தனை அடி அறைக்குள் வளர வேண்டியிருக்கின்றன என்பதே நமது கேள்வி.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது முன்னோர் வழக்கு. முதலில் வீடு, பின்னர் கல்யாணம் என்பது அதன் வரிசை. நமது லயங்களில் இவ்வரிசை தலைகீழாயிற்று. கல்யாணம் நடந்துவிடும், வீடு மட்டும் எழும்பாது. மூத்த மகனுக்கு மணமானால் காம்பராவின் குறுக்கே ஒரு சேலை தொங்கும். இளையவனுக்கு மணமானால் இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைப்பார்கள். வயோதிபரான தாய் தந்தையர் குசினிக்குக் குடிபோவார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண்பிள்ளை, எல்லாரும் உறங்கிய பின்னர் அடுப்பங்கரையில் அமர்ந்து புத்தகத்தைத் திறப்பாள். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையுமன்று. இச்சபையில் இருப்போரில் பெரும்பாலோர் அறிந்த கதை.

இந்நிலை எவ்வாறு வந்தது? லயக் காம்பரா குடும்பத்துக்கென்று கட்டப்பட்டதன்று. கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பருவத்துக்கு வந்து பருவம் முடியத் திரும்பினர். அவர்கள் இராத் தங்குவதற்கே அந்த வரிசை அறைகள் எழுந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழியவே, திம்புள்ள மலைகளும் தேயிலைக்கு மாறின. தேயிலைக்கு வருடம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் நிலையாகத் தங்கினர். தொழில் மாறியது, தங்கியவர் மாறினர், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா மட்டும் மாறவில்லை.

அறையைப் பெருப்பிக்க நமது பாட்டன்மாருக்குக் கைவலிமை இல்லாமலில்லை. மலையைக் கான் வெட்டித் திருத்தியவருக்கு ஒரு சுவர் எழுப்புவது பெரிய காரியமா? உரிமைதான் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இன் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் யார் இருப்பது, யார் போவது என்று தொகை பிரித்தது. நாளை கப்பலேறுவோமோ என்று இருந்தவன் அத்திவாரம் தோண்டுவானா? எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

நிலத்தின் கதையும் இதைப் போன்றதே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினார்களேயன்றி, லயத்துக் குடும்பத்தின் பெயரில் ஒரு சாண் நிலமும் எழுதப்படவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் சபைகளின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாய் நின்றது. அது 2018இலேதான் திருத்தப்பட்டது.

உரிமையில்லாத இடத்திற் கட்டும் இரண்டாவது குடிலுக்கு என்ன கதி நேரும் என்பதை நாடே கண்டது. 2023 ஆகஸ்டில் மாத்தளை மாவட்டத்து ரத்வத்தைத் தோட்டத்தில், குடும்பமொன்று அமைத்திருந்த தற்காலிகக் குடில் தோட்ட அதிகாரியால் உடைத்தெறியப்பட்டது. அக்காட்சி நாடெங்கும் பரவிப் பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. நமது மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்தன என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிறைவுற்றதும் அதே மாதத்தில்தான். இருநூறு ஆண்டுகளின் பின்னும் ஒரு தகரக் கூரைக்கு உத்தரவாதமில்லை என்றால், அக்குறை தகரத்தினதா, உறுதிப் பத்திரத்தினதா?

இனி, நம்பிக்கைக்குரிய பக்கத்தைப் பார்ப்போம். 2015இன் பின்னர், குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகள் மலையகத்துக்கு ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது இன்னும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அவ்வீடுகள் ஏறக்குறைய 550 சதுர அடி அளவின. இரண்டு படுக்கையறை, முன்கூடம், குசினி, மலசலகூடம் என்று லயத்தில் கனவிலும் காணாத வசதி அவற்றில் உண்டு. தந்தவர் அனைவருக்கும் நன்றி கூறுவது நமது கடமை.

ஆனால் நன்றி கூறிய வாயால் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. வீடு பெறும் குடும்பத்தின் பிள்ளைகள் வளர்ந்து மணமுடித்தால் எங்கே இருப்பார்கள்? அதற்கு விடை இல்லையேல், இருபது ஆண்டுகளில் அந்த அழகிய வீட்டின் முன்கூடத்திலும் சேலை தொங்கும். லயத்தை விட்டு நாம் வெளியேறினாலும் லயம் நம்மை விட்டு வெளியேறாது. ஆகையால் முதல் வீட்டுக்கு அத்திவாரம் போடும் நாளிலேயே இரண்டாவது இல்லத்துக்கு இடம் குறித்துவிட வேண்டும். நமது உரையின் சாரம் இதுவே.

ஏழு பேர்ச்சில் இது முடியுமா? கணக்குப் பார்ப்போம். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,905 சதுர அடி. 38 அடி அகலமும் 50 அடி நீளமும் கொண்ட ஒரு மனையை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலே 22 அடிக்கு 25 அடி வீடொன்றைப் பார்வைக்கு அழகாக நட்ட நடுவில் வைத்தால், இரு பக்கமும் எட்டெட்டு அடியும், முன்னும் பின்னும் பன்னிரண்டரை அடியும் மிஞ்சும். நான்கு பக்கமும் நிலமிருக்கும். ஒரு பக்கத்திலும் வீடு கட்ட இடமிராது. அதே வீட்டைப் பின்னெல்லையிலிருந்து ஐந்தடி விட்டுப் பின்னே தள்ளி வைத்தால், முன்புறம் 20 அடி ஆழத்துக்கு முழு அகலமும் ஒன்றாய்க் கிடைக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, எட்டடிக்கு எட்டடிக் குசினி, நான்கடிக்கு ஆறடி மலசலகூடம் ஆகிய மூன்றும் சேர்ந்து 208 சதுர அடிதான். சுவர்க் கனத்தையும் கூட்டினால் 250க்குள் அடங்கும். வாசற்பாதைக்கும் கீரைப் பாத்திக்கும் அப்போதும் இடமிருக்கும். செலவு கூடவில்லை, வீட்டை வைத்த இடந்தான் மாறியது.

மேலே கட்டுவோம் என்பாரும் உளர். ஒற்றைத் தட்டுக்கென்று இட்ட அத்திவாரம் மேல்தட்டின் பாரத்தைத் தாங்கும் என்று எண்ணுவது ஆபத்து. மேல்தட்டு வேண்டுமாயின் கம்பி கட்டிய கொங்கிரீட் தூண்களை முதலிலேயே எழுப்ப வேண்டும். பின்னர் வந்த யோசனையைச் சுவர் சுமக்காது.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் மலைச்சரிவு. மிஷன் பாடசாலையிற் கற்ற நாம், கற்பாறைமேல் கட்டியவனையும் மணல்மேல் கட்டியவனையும் பற்றிய உவமையைச் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். மலைநாட்டில் அது உவமையன்று, நிஜம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மக்களும் மண்ணில் புதையுண்டனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் மலையகமெங்கும் மண் சரிந்து பல உயிர்கள் மாண்டன. இடம் போதவில்லையென்று வீட்டுக்குப் பின்னுள்ள மண்திட்டை வெட்டி அறை சேர்ப்பது, தலைக்கு மேலுள்ள மலையின் காலை வெட்டுவதாகும். குடும்பம் இரண்டானால் கழிவுநீரும் இரட்டிக்கும். அந்நீர் சரிவுக்குள் ஊறினால் மண்ணின் பிடி தளரும். ஆகவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் பிரதேச சபையின் அனுமதியும் நமக்கு வீண் தொல்லையல்ல, நமது உயிருக்குக் காப்பு. வேண்டாமென்று அவர்கள் சொன்ன இடத்தில் ஓர் ஆட்டுக் கொட்டிலும் கட்டலாகாது.

ஒரு மனையில் இரு இல்லங்கள் என்பது ஏழைகளின் ஒட்டுவேலை என்று வெட்கப்பட வேண்டியதில்லை. செல்வம் மிகுந்த கலிபோர்னியா மாநிலம், வீட்டுப் பஞ்சம் தாங்காமல், வீட்டு வளவுக்குள் இரண்டாவது சிறு வீடு கட்டுவதை எளிதாக்க 2016இல் சட்டங்களைத் திருத்தியது. சிங்கப்பூரில் வீடமைப்புக் கழகம் 2013இல் மூன்று தலைமுறையினர் ஒன்றாய் வாழ்வதற்கென்றே தனி வகை வீடுகளை அறிமுகஞ் செய்தது. வேறுபாடு ஒன்றே: அங்கே வீட்டுக்காரன் கையில் சட்டப்படியான உரிமை இருக்கிறது. இங்கே வீட்டுக்குள் குடியிருந்தும் உறுதி கைக்கு வராதோர் பலர். உறுதியின்றி வங்கி வீட்டுக் கடன் தராது. பிள்ளைக்குப் பாகம் எழுதவும் இயலாது.

பெரியோர்கள் இரண்டு ஆட்சேபங்களைக் கூறக்கூடும். "தனி அடுப்பு வைத்தால் கூட்டுக் குடும்பம் குலையாதா?" என்பது ஒன்று. தாத்தாமாரே, அப்பாயிமாரே, பணிவுடன் சொல்கிறோம்: குடும்பம் குலைவது சுவராலன்று, நெருக்கத்தால். புதிதாய் வந்த மருமகள் உடை மாற்ற ஒரு கதவில்லாத வீட்டில் மனக்கசப்பு வராமல் வேறென்ன வரும்? பத்தடி தூரத்தில் தனிக் கதவு இருந்தால், காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்க மருமகளும் வருவாள். பேரனைத் தூக்கப் பாட்டியும் போவாள். "படித்த பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள், யாருக்காகக் கட்டுவது?" என்பது மற்றொன்று. போனவரிற் பலர் வீட்டில் இடமில்லாமலே போனவர்கள். இருந்து வாழ விரும்புகிறவனுக்காவது ஓர் அறை இருக்கட்டும்.

சங்கம் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று உள. முதலாவது, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு காம்பராவில் எத்தனை குடும்பம் என்பதை வீடு வீடாய்ச் சென்று எழுதுவோம். பட்டியலில் ஒன்றாய்க் காணப்படும் குடும்பம் உண்மையில் மூன்றாக இருக்கலாம். எழுதாத குடும்பத்துக்கு எவரும் வீடு ஒதுக்கமாட்டார். இரண்டாவது, இனிமேல் வீடு கட்டப்படும் இடங்களில் வீட்டை மனையின் ஒரு பக்கமாய் அமைத்துத் தரும்படி, ஒரு வரைபடத்துடன் அதிகாரிகளுக்கு விண்ணப்பம் செய்வோம். 7 பேர்ச் போதாது, கூடுதல் நிலம் வேண்டும் என்ற கோரிக்கையையும் கைவிடாதிருப்போம். மூன்றாவது, வீடு பெற்றும் உறுதி பெறாதோரின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்து, பதில் வரும்வரை தொடர்ந்து கேட்போம். பெரியோர் அனுபவத்தையும் நாம் எழுத்தையும் கொண்டுவந்தால் இம்மூன்றும் ஆகாத காரியங்களல்ல.

நமது பாட்டன்மார் பிறர் நிலத்தில் மலையளவு உழைத்தனர். தாய் தந்தையர் ஒரு கதவுக்குக் காத்திருந்தனர். அடுத்த தலைமுறை காத்திருக்காமல் குடிபுகும்படி, முதல் வீட்டின் நூல் பிடிக்கும்போதே இரண்டாவதற்கும் நூல் பிடித்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.