கெக்கோக் குஞ்சு வீட்டுக்கு வந்தால்



பல்லி எங்களுக்குப் புதிதல்ல. அது சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போட்டோம், தலையில் விழுந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். அதைக் காசு கொடுத்து வாங்கி வளர்ப்பதென்றால் ஊரில் அம்மம்மாமார் சிரிப்பார்கள். ஆனால் இங்கே அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் கடையில் கைகாட்டிக் கேட்பது லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லியைத்தான்.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கல்நிலங்கள்தான் அதன் ஊர். அது சுவரில் ஏறாது. கண்ணிமை உண்டு. கொழுப்பை வாலிலே சேமித்து வைக்கும். பொரித்த குஞ்சு ஏறத்தாழ 3 கிராம்தான் இருக்கும்.

பாலைவனப் பிராணிதானே, வளைகுடாவில் தானாக வளரும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. வெளியே 45 பாகை வெயில் என்றாலும் நாங்கள் இருப்பது 20, 22 பாகை ஏசி அறையில். பல்லிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்க முடியாது. வயிறு குளிர்ந்தால் தின்றது செரிக்காமல் கிடக்கும். ஆகவே தொட்டியின் ஒரு பக்கத் தரை 32 பாகை அளவிலும், மறுபக்கம் 25 பாகை அளவிலும் இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். அடியில் வைக்கும் சூட்டு விரிப்புக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். இல்லாவிட்டால் வயிறு வெந்துவிடும். கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிக்காதீர்கள், வெப்பமானி வையுங்கள்.

அழகுக்காக மணல் பரப்ப வேண்டாம். குஞ்சு இரையோடு மணலையும் விழுங்கும், குடல் அடைபடும். சமையலறைக் கடதாசி போதும். எச்சம் எப்படி இருக்கிறதென்றும் அதில் தெரியும்.

முதல் சில நாள் அது தின்னாமல் இருக்கலாம். பயம்தான் காரணம். அந்த ஒரு கிழமை கையில் தூக்காமல் விடுங்கள். பயந்தால் வாலைக் கழற்றிவிடும், சேமிப்பும் அதோடு போய்விடும். பிறகு நாள்தோறும் சிறு சிள்வண்டுகள் கொடுக்கலாம். அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை விடப் பெரிய பூச்சி வேண்டாம். பூச்சியின் மேல் கல்சியத் தூள் தூவுங்கள், இடையிடையே விற்றமின் டி3 கலந்த தூளும் வேண்டும். இது இல்லாவிட்டால் தாடை ரப்பர் போல மெதுவாகி, கால் வளைந்து, உடம்பு நடுங்கும். வளைந்த எலும்பு பிறகு நேராவது அரிது. வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடவே கூடாது. எங்கள் கட்டடங்களில் எத்தனை முறை மருந்து அடிக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஏசிக் காற்று தோலையும் உலர்த்திவிடும். குஞ்சு அடிக்கடி சட்டை உரிக்கும். உரிந்த தோல் விரல் நுனியில் நூல் போல இறுகினால் விரலே அழுகி விழும். ஈரக் கடதாசி வைத்த ஒரு சிறு பெட்டி, வாசல் வெட்டி, தொட்டிக்குள் இருக்கட்டும். அப்படியும் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான ஆழமில்லாத நீரில் பத்து நிமிடம் நிற்கவிட்டு, பஞ்சுக் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். பிய்க்காதீர்கள்.

கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். வால் மெலிந்து எடை குறைந்தால் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். எல்லா மிருக வைத்தியரும் பல்லி பார்ப்பதில்லை, வாங்குமுன்பே விசாரித்து வையுங்கள். போகும்போது காரில் ஐந்து நிமிடம்கூடத் தனியே விட்டு இறங்காதீர்கள். தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், சல்மொனெல்லாக் கிருமி பல்லியில் இருக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டுக்கு இது ஏற்றதல்ல.

இன்னொன்று. நன்றாகப் பார்த்தால் இது 15, 20 வருடம் வாழும். எங்கள் விசாவோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. இடம்பெயர்ந்த அன்று நாயை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்கள் எங்களில் பலர். ஜூலையில் விடுமுறைக்குப் போகும்போது யார் இரை போடுவார், ஒரேயடியாகப் புறப்பட்டால் யாரிடம் கொடுப்பது என்பதைப் பிள்ளையோடு இருந்து முதலே பேசி, ஒரு வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். பாலைவனத்தில் விட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். தொட்டியில் வளர்ந்தது அங்கே பிழைக்காது, அங்குள்ள பல்லிகளுக்கும் நோயைக் கொடுத்துவிடும்.